பாலிஷ் மிஷினில் கார்பன் மாற்றுவது: கல் பட்டறைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பர்கூரிலோ ஆந்திராவின் குப்பத்திலோ ஒரு கிரானைட் பட்டறையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே இந்தப் பேச்சு உங்கள் காதில் விழும்: “ணா, மிஷின் இழுக்க மாட்டேங்குது.” சுவிட்சை அழுத்தினால் சத்தமே இருக்காது. பின்பக்கத்தை லேசாகத் தட்டினால் திடீரென்று ஓடும். ஓடும்போது நடுவில் ஒரு நொடி செத்துப் பிழைக்கும். காற்றுத் துவாரம் வழியாகப் பார்த்தால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் நெருப்பு பறக்கும். இந்த நான்கில் எது வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது கார்பன். தெலுங்கில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் கடையில் அதற்குப் பெயர் கார்பன்தான்; வயதான மெக்கானிக்குகள் சிலர் மட்டும் ‘கரி’ என்பார்கள்.

கார்பன் மாற்றுவது பத்து நிமிட வேலை. அது ஏன் தேய்ந்தது என்று பார்ப்பதற்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். அதைப் பார்க்காமல் புதுக் கார்பனைப் போட்டு ஓட்டினால் இரண்டு வாரத்தில் மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள், கூடவே ஆர்மேச்சரும் போயிருக்கும்.

கார்பன் என்ன செய்கிறது

கையில் பிடிக்கும் பாலிஷ் மிஷின், கிரைண்டர், டிரில் எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஒரே வகை மோட்டார்தான். சுற்றாமல் நிற்கும் காயில் ஃபீல்ட். நடுவில் சுற்றுவது ஆர்மேச்சர். நிற்கிற வயரிலிருந்து சுற்றுகிற ஆர்மேச்சருக்குக் கரண்டைக் கடத்த வேண்டும். ஆர்மேச்சரின் ஒரு முனையில் செம்புப் பட்டைகளை வரிசையாக அடுக்கிய உருளை இருக்கும், அது கம்யூட்டேட்டர். அதன் இரு பக்கமும் ஸ்பிரிங் அழுத்தத்தில் உரசிக்கொண்டே இருக்கும் இரண்டு கரித் துண்டுகள்தான் கார்பன். செம்பு தேயக்கூடாது என்பதற்காகக் கார்பனைத் தேயவிடுகிறார்கள். ஆகவே கார்பன் தேய்வது கோளாறு அல்ல. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தாலோ, சீக்கிரம் தேய்ந்தாலோதான் கோளாறு.

கார்பன் குட்டையாகும்போது ஸ்பிரிங் நீண்டு அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கார்பன் செம்பின் மேல் துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு தீப்பொறி, ஒவ்வொரு தீப்பொறிக்கும் செம்பில் ஒரு கருகல். கருகிய செம்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகி மிச்சக் கார்பனை இன்னும் வேகமாகத் தின்னும். கடைசிக் கொஞ்ச நாளில்தான் ஆர்மேச்சர் கெடுகிறது என்பதால் “இன்னும் கொஞ்சம் இருக்கே” என்று ஓட்டுவதில் லாபம் இல்லை. ஒரு ஜோடி கார்பனின் விலையையும் ஆர்மேச்சர் ரீவைண்டிங் (காயிலைப் புதிதாகச் சுற்றுவது) செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

எப்போது மாற்ற வேண்டும்? சில கார்பன்களின் பக்கவாட்டில் ஒரு கோடு பொறித்திருக்கும். தேய்மானம் அந்தக் கோட்டைத் தொட்டால் மாற்றிவிட வேண்டும். கோடு இல்லாவிட்டால் 5 அல்லது 6 மி.மீ. மிச்சம் இருக்கும்போதே மாற்றுங்கள். சில மிஷின்களில் தானாக நிறுத்தும் கார்பன் இருக்கும். அதன் வயிற்றுக்குள் ஸ்பிரிங்கோடு ஒரு சின்னக் குச்சி புதைந்திருக்கும். எல்லை வரை தேய்ந்ததும் அந்தக் குச்சி வெளியே வந்து கார்பனைச் செம்பிலிருந்து தூக்கிவிடும், மிஷின் நின்றுவிடும். நேற்று வரை நன்றாக ஓடியது, தீப்பொறியே இல்லை, இன்று காலை பொட்டென்று நின்றது என்றால் இந்த வகையாக இருக்கலாம். அப்படி நின்ற மிஷினைத் தட்டித் தட்டி ஓட்டப் பார்க்காதீர்கள்.

வாங்குவதற்கு முன்

பழைய கார்பனைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் நிச்சயமான வழி. “நாலு இஞ்ச் பாலிஷ் மிஷின் கார்பன்” என்று வாயால் கேட்டால் கடைக்காரர் ஏதோ ஒன்றைத் தருவார். பாதி நேரம் அது சேராது. கார்பனின் அளவைத் தடிமன், அகலம், நீளம் என்ற வரிசையில் சொல்வார்கள். 5 × 8, 6 × 9, 5 × 11, 6.5 × 13.5 மி.மீ. எல்லாம் அடிக்கடி புழங்கும் அளவுகள். முதல் இரண்டு எண்ணும் அச்சாகப் பொருந்த வேண்டும். மூன்றாவது தேயும் நீளம். பழையதில் அது குறைந்துதான் இருக்கும், அதை வைத்துக் குழம்ப வேண்டாம். வெர்னியர் இருந்தால் அளந்துகொள்ளுங்கள். ஸ்கேலால் அளந்தால் 6-க்கும் 6.5-க்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் கார்பன் உட்காரும் கூடான ஹோல்டருக்குத் தெரியும்.

கார்பனின் பக்கத்திலேயே எண் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மகிடா கம்பெனி கார்பன்களுக்கு சிபி (CB) என்று தொடங்கும் எண் உண்டு; அந்த எண்ணைச் சொன்னால் அளவு, ஸ்பிரிங், தொப்பி எல்லாம் சேர்ந்து வரும். அளவு ஒன்றாக இருந்தாலும் வால் வேறாக இருக்கலாம். சிலவற்றில் ஸ்பிரிங்கின் முனையில் வட்டமான பித்தளைத் தொப்பி இருக்கும். சிலவற்றில் செம்புப் பின்னல் வயரும் அதன் நுனியில் தகட்டுக் கொக்கியும் இருக்கும். சிலவற்றில் இரண்டு காது நீட்டிக்கொண்டிருக்கும். பழையதும் புதியதும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும்.

செம்பு நிறத்தில் மினுக்கும் கார்பனை வாங்கவே வாங்காதீர்கள். அது கார் ஸ்டார்ட்டர் மோட்டார் போன்ற 12 வோல்ட் வேலைக்கானது; அதில் செம்புத் தூள் கலந்திருக்கும். 230 வோல்ட் மிஷினில் அதைப் போட்டால் கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்புதான். டார்ச் செல்லை உடைத்து நடுவில் உள்ள கரிக்குச்சியை அரத்தால் ராவிப் போடும் வித்தையும் நம் பக்கம் பழக்கத்தில் உண்டு. ஒரு நாள் ஓடும், அதற்குள் செம்பில் ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டுப் போகும்.

கார்பனை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று நன்றாக இருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள்.

திறப்பது

பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் போதாது. கழற்றிய பிளக் உங்கள் காலடியில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். பத்து மிஷின் ஓடும் கூடத்தில் ஒரே போர்டில் பல பிளக்குகள் இருக்கும். பக்கத்தில் வேலை செய்கிறவர் தன்னுடையது என்று நினைத்து உங்களுடையதைச் சொருகிவிட நொடி போதும். மிஷினின் முன்னால் மாட்டியிருக்கும் பாலிஷ் பேடைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

அடுத்து ஈரம். நம் பக்கம் முக்கால்வாசி தண்ணி பாலிஷ். மிஷினின் உடம்பில் கல்மாவுச் சேறு ஒட்டியிருக்கும். திறப்பதற்கு முன்பே துணியால் துடைத்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் மூடியைத் திருகியதும் சேறு நேராகக் கார்பன் துவாரத்துக்குள் போகும். வெளிப்பக்கத்தைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தைச் சுத்தம் செய்த பிறகே திருப்புளியை எடுங்கள்.

மிஷின்கள் இரண்டு ரகம். முதல் ரகத்தில் மோட்டாரின் பின்பகுதியில், இடமும் வலமும் எதிரெதிராக, ரூபாய்க் காசை விடச் சின்னதாக இரண்டு கறுப்பு மூடிகள் இருக்கும். நடுவில் ஒரு வெட்டு. அந்த வெட்டின் முழு அகலத்துக்கும் உட்காரும் திருப்புளியை எடுங்கள். ஒல்லியான டெஸ்டரை வைத்துத் திருகினால் பிளாஸ்டிக் விளிம்பு பிய்ந்துபோகும், அப்புறம் அந்த மூடியை வெளியே எடுக்கவே ஒரு நாள் ஆகும். கடைசிச் சுற்றில் விரலை மேலே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, மூடி எகிறிக் கல்மாவுக் குவியலில் விழுந்தால் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது ரகத்தில் மூடி இருக்காது. பின் கவரைப் பிடித்திருக்கும் ஸ்டார் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கவர் பின்பக்கமாக வரும், அல்லது கைப்பிடி இரண்டு பாதியாகப் பிரியும். ஸ்க்ரூக்களில் நீளம் வித்தியாசம் இருக்கலாம். ஒரு அட்டையில் மிஷின் படத்தைக் கிறுக்கி, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். திறந்ததும் எதையும் தொடாமல் போனில் இரண்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வயர் எந்தப் பக்கமாக வளைந்து போகிறது என்பது மூடும்போதுதான் தேவைப்படும். தவறான இடத்தில் போன வயரைக் கவர் நசுக்கி, தோல் கிழிந்து, ஓடும்போது சுற்றும் பாகம் அதில் உரசினால் பெரிய விபத்தாகும்.

இந்த ரகத்தில் கார்பனை அழுத்துவது பெரும்பாலும் கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்ட பட்டை. அதன் வாலை ஒரு கம்பிக் கொக்கியாலோ நோஸ் பிளையராலோ பின்னுக்கு இழுத்து ஹோல்டரின் பக்கத்தில் மாட்டி வைத்துவிட்டு, கார்பனை மேலே உருவுங்கள். செம்புப் பின்னலின் தகட்டுக் கொக்கியையும் பிளையரால் பிடித்து நேராக இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் பின்னல் கார்பனின் வேரிலேயே அறுந்துவிடும்.

எடுக்கும்போதே மேல் பக்கம் எது, இடது எது, வலது எது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பழையதை மறுபடி போட வேண்டி வந்தால் அதே வாட்டத்தில்தான் போட வேண்டும். வாட்டம் மாறினால் நுனியின் குழிவு செம்பின் வளைவோடு சேராது.

பழைய கார்பனைப் படிப்பது

கார்பனைத் தூக்கிக் குப்பையில் போடாதீர்கள். இரண்டையும் வெள்ளைத் தாளில் பக்கம் பக்கமாக வைத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

நல்ல கார்பனின் நுனி கண்ணாடி மாதிரி வழவழப்பாக, லேசாகக் குழிந்து, சாம்பல் மினுக்கத்தோடு இருக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம் தேய்ந்திருக்கும். அப்படி இருந்தால் மிஷினுக்கு வயசாகிவிட்டது, கோளாறு இல்லை.

ஒன்று 12 மி.மீ., இன்னொன்று 5 மி.மீ. என்று இருந்தால், குட்டையானதன் பக்கம் ஸ்பிரிங் தளர்ந்து தீப்பொறி தின்றிருக்கிறது, அல்லது நெட்டையானது ஹோல்டரில் சிக்கிக்கொண்டு சரியாகத் தொடவே இல்லை. நெட்டையின் பக்கவாட்டைப் பாருங்கள். சேறு காய்ந்து பூசினாற்போல வெள்ளைத் தடம் இருந்தால் சிக்கியதுதான். நம் பட்டறைகளில் அதிகம் காண்பது இதுதான். கல்மாவும் தண்ணீரும் கார்பன் தூளும் கலந்து ஹோல்டரின் உட்சுவரில் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

நுனியில் நீள நீளமாகக் கோடு விழுந்திருந்தால் கல்துகள் உள்ளே போயிருக்கிறது. அதே கோடுகள் செம்பிலும் இருக்கும். நுனியின் ஒரு ஓரம் உடைந்து பொரிந்திருந்தால் கார்பன் துள்ளியிருக்கிறது. பின் பேரிங்கைப் பாருங்கள். பேடு மாட்டும் தண்டான ஸ்பிண்டிலைக் கையால் சுற்றும்போது மணல் அரைபடும் உணர்வு வந்தாலோ, கவரைத் திறந்த நிலையில் ஆர்மேச்சரின் பின் முனையை விரலால் மேலும் கீழும் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தாலோ பேரிங் போய்விட்டது. அதை மாற்றாமல் கார்பன் போடுவது காசைக் கரைப்பது. பேரிங்கின் எண் அதன் மூடியிலேயே அடித்திருக்கும். அதே எண்ணில் இரும்பு மூடி உள்ளதை விட இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், சேறு புகாது.

ஸ்பிரிங் நீலம் பாரித்திருக்கிறதா? சூடேறி வலுவிழந்திருக்கிறது. செம்புப் பின்னல் அறுந்தோ, தளர்ந்தோ இருந்தால் கரண்ட் ஸ்பிரிங் வழியாகப் போகும். ஸ்பிரிங் அதற்காகச் செய்ததல்ல, சூடாகி மெத்தென்று ஆகிவிடும். இப்படிப்பட்ட ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போட்டு “டைட் ஆயிடுச்சு” என்று திருப்திப்பட வேண்டாம். ஒரு பக்கம் அழுத்தம் கூடி மறுபக்கம் குறைந்தால் தேய்மானம் இன்னும் மோசமாகும். ஸ்பிரிங் சேர்ந்த கார்பனாகவே வாங்கிவிடுங்கள்.

செம்பைப் பார்ப்பது

கார்பன் துவாரம் வழியாக டார்ச் அடித்து, ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே கம்யூட்டேட்டரை ஒரு முழுச் சுற்று பாருங்கள். கார்பன் ஓடும் தடம் சாக்லேட் நிறத்தில் ஒரே சீராக இருந்தால் நல்லது. அந்தப் பழுப்புப் படலம் அழுக்கல்ல. கார்பனும் செம்பும் பழகி உண்டான தோல். புதிதாக வந்தவர்கள் முதலில் செய்யும் தப்பு அதைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவது. சீரான பழுப்பைத் தொடவே வேண்டாம்.

எல்லாப் பட்டையும் லேசாகக் கறுத்திருந்தால் சுத்தம் செய்து பார்க்கலாம். ஒன்றிரண்டு பட்டைகள் மட்டும் எரிந்து கருகி, மற்றவை நன்றாக இருந்தால் ஆர்மேச்சர் காயிலில் ஒரு சுற்று அறுந்திருக்கிறது அல்லது ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதுக் கார்பன் போட்டாலும் நெருப்பு வளையமாகத்தான் ஓடும். மல்டிமீட்டரைக் குறைந்த ஓம் அளவில் வைத்து, அடுத்தடுத்த இரண்டிரண்டு பட்டையாகத் தொட்டுக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எண் வர வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் கூடினாலும் குறைந்தாலும் ஆர்மேச்சர் ரீவைண்டிங் கடைக்குப் போக வேண்டும். பிறகு எந்தப் பட்டைக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் தொட்டுப் பாருங்கள். தொடர்பே காட்டக் கூடாது. காட்டினால் உடனே ஒதுக்கி வையுங்கள். ஈரத்தில் கையில் பிடிக்கும் மிஷின் இது.

கார்பன் ஓடும் தடம் நகத்தை வைத்து இழுத்தால் தட்டும் அளவுக்குப் பள்ளமாகியிருந்தால் லேத்தில் ஒரு மெல்லிய கடைசல் கொடுக்க வேண்டும். கடைந்த பிறகு பட்டைகளுக்கு நடுவில் கரண்ட் கடத்தாத தடுப்பாக உள்ள மைகாவைச் செம்பை விட அரை மி.மீ. அளவுக்குத் தாழ வெட்டச் சொல்லுங்கள். அதை மறந்துவிடும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். மைகா செம்பை விடக் கெட்டி. தாழ வெட்டாவிட்டால் செம்பு தேயத் தேய மைகா மேடாக நின்று ஒவ்வொரு பட்டைக்கும் கார்பனைத் தூக்கித் தூக்கிப் போடும்.

சுத்தம் செய்வது

முதலில் மாஸ்க் போடுங்கள், வெறும் கர்ச்சீப் உதவாது. கிரானைட்டில் படிகக்கல் உண்டு; அதன் நுண்தூள் நுரையீரலில் போய்த் தங்கினால் சிலிகோசிஸ் வரும், அதை மருந்தால் போக்க முடியாது. என்95 மாஸ்க், கண்ணாடி இரண்டும் போட்டு, மிஷினைக் கூடத்துக்கு வெளியே எடுத்துப்போய், காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி நின்று ப்ளோயர் அடியுங்கள். கம்ப்ரெஸர் காற்று என்றால் அதன் டேங்கில் தேங்கிய தண்ணீரை முதலில் வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் காற்றோடு தண்ணீரையும் சேர்த்து மோட்டாருக்குள் அடிப்பீர்கள்.

ஹோல்டரின் உட்சுவரில் பிடித்த சேற்றைச் சுரண்ட இரும்பு வேண்டாம். மூங்கில் குச்சியை ஹோல்டர் வாய்க்குத் தகுந்தாற்போல் பட்டையாகச் சீவி உள்ளே விட்டு நாலு பக்கமும் தேயுங்கள். செம்புப் பட்டைகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்துக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சிதான் அச்சாகச் சேரும். நுனியைச் சாய்வாக வெட்டிக்கொண்டு ஒவ்வொரு பள்ளமாக இழுங்கள். கறுப்புத் தூள் பொடிப்பொடியாக வெளியே வரும். அந்தத் தூள்தான் பட்டைக்கும் பட்டைக்கும் பாலம் போட்டுத் தீப்பொறி வரவைப்பது. கவர் கழலும் ரகத்தில் இது எளிது. வெளி மூடி ரகத்தில் ஆர்மேச்சரை வெளியே எடுத்தால்தான் முடியும். எடுப்பதானால் முதலில் இரண்டு கார்பனையும் வெளியே எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆர்மேச்சர் வரும்போது கார்பன் முனை நொறுங்கும்.

கறுப்பைத் துடைக்க காய்ந்த துணி போதும். போகாவிட்டால் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் துடைத்து நன்றாக ஆறவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம், ஆவி உள்ளே தங்கியிருக்கும்போது முதல் தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் இங்கே ஆகாது. செம்பின் மேல் எண்ணெய் படிந்தால் கார்பன் தூள் பசையாகி ஒட்டும்.

சொரசொரப்பு லேசாக இருந்தால் 400 அல்லது 600 எண் உப்புத்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, ஆர்மேச்சரைச் சுற்றிக்கொண்டே மென்மையாகத் தொடவிடுங்கள். கறுப்பு எமரித் துணியைப் பயன்படுத்தாதீர்கள். அதன் துகள் செம்பில் பதிந்துகொள்ளும், பள்ளத்தில் தங்கி கரண்டையும் கடத்தும். தேய்த்த பிறகு மறுபடி ஈர்க்குச்சி, மறுபடி காற்று.

புதுக் கார்பனைப் போடுவது

முதலில் வெறும் கார்பனை ஹோல்டருக்குள் விட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும்; மிஷினைக் கவிழ்த்தால் தானே வெளியே வர வேண்டும். அதே நேரத்தில் பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடவும் கூடாது. இறுக்கமாக இருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள். கண்ணாடித் துண்டின் மேல் 400 உப்புத்தாளை வைத்து, கார்பனின் பக்கத்தைத் தட்டையாகப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். பத்து இழுப்புக்கு மேல் தேவைப்பட்டால் நீங்கள் வாங்கி வந்தது வேறு அளவு, கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

சில கார்பன்களின் நுனி குழிவாகவோ சரிவாகவோ வரும். குழிவு ஆர்மேச்சர் சுற்றும் வாட்டத்தில் உட்கார வேண்டும். குறுக்கே போட்டால் இரண்டு நுனி மட்டுமே தொடும். வாலில் செம்புப் பின்னல் இருந்தால் அது முறுக்காமல், ஸ்பிரிங்கின் வழியில் குறுக்கே நிற்காமல் இருக்க வேண்டும். கார்பன் தேய்ந்து கீழே இறங்கும்போது பின்னலும் கூடவே தாராளமாக இறங்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னல் எங்காவது முட்டிக்கொண்டு கார்பனைத் தூக்கிப் பிடித்தால், பாதிக் கார்பன் மிச்சம் இருக்கும்போதே மிஷின் நின்றுவிடும். பிறகு ஏன் நின்றது என்று யாருக்கும் புரியாது.

கடிகார ஸ்பிரிங் ரகத்தில் வாலை மெதுவாக விடுங்கள். சட்டென்று விட்டால் ‘டக்’கென்று அடித்துக் கார்பன் தலையில் விரிசல் விழும். ஸ்பிரிங் வால் கார்பனின் நடுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வெளி மூடியைப் போடும்போது முதலில் எதிர்ப்பக்கமாக ஒரு அரைச் சுற்று திருப்புங்கள்; மரை ‘டிக்’கென்று விழும் இடம் தெரியும், அங்கிருந்து முறுக்குங்கள். மேல் விளிம்பு உடம்போடு சமமானதும் நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒரு முறுக்கு கொடுப்போம் என்றால் பிளாஸ்டிக் மரை போய்விடும். மரை போன மூடியை ஃபெவிகுவிக் வைத்து ஒட்டி ஓட்டும் பட்டறைகள் உண்டு. அடுத்த முறை கார்பன் மாற்ற உளி வேண்டும்.

பிளக் சொருகுவதற்கு முன் ஸ்பிண்டிலைக் கையால் பத்துச் சுற்று சுற்றுங்கள். எங்காவது தட்டுகிறதா, உரசுகிறதா என்று கேளுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பிளக்கின் இரண்டு பின்னிலும் வைத்து, சுவிட்சை ஆன் நிலையில் பிடித்துப் பாருங்கள். சில ஓம்கள் காட்டினால் கார்பன் தொடுகிறது, வழி திறந்திருக்கிறது. ஸ்பீடு மாற்றும் எலக்ட்ரானிக்ஸ் உள்ள மிஷினில் இந்தச் சோதனை வேலை செய்யாது. மீட்டரின் சின்ன வோல்டேஜுக்கு அந்த சர்க்யூட் திறக்காது. பார்த்து முடித்ததும் சுவிட்சை ஆஃப் செய்ய மறக்காதீர்கள்.

முதல் ஓட்டம்

பேடு மாட்டாமல், மிஷினை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, முகத்தை ஒதுக்கி வைத்து ஆன் செய்யுங்கள். ஆரம்பத்தில் தீப்பொறி கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், சன்னமாகக் கருகின வாடையும் வரலாம். புதுக் கார்பனின் தட்டை நுனி செம்பின் வளைவுக்கு இன்னும் பழகவில்லை. ஓரம் மட்டுமே தொடுகிறது. லோடு இல்லாமல் 10 முதல் 15 நிமிடம் ஓடவிட்டால் நுனி வளைந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்பீடு கன்ட்ரோல் இருந்தால் நடு வேகத்தில் ஓட்டுங்கள். புதுக் கார்பனைப் போட்டதும் நேராகக் கல்லின் மேல் வைத்து அழுத்துவதுதான் பட்டறையில் தினமும் நடக்கும் தப்பு. பத்தில் ஒரு பங்கு இடம் மட்டும் தொடும்போது முழு லோடு கரண்டும் அந்த ஓரத்தின் வழியே போனால் ஓரம் எரிந்து செம்பும் கருகும்.

உட்கார்ந்த பிறகு காற்றுத் துவாரம் வழியாகப் பாருங்கள். கார்பனின் ஓரத்தில் நீலமாகச் சின்னச் சின்னப் புள்ளி தெரிந்தால் சரி. மஞ்சளும் ஆரஞ்சுமாகச் செம்பைச் சுற்றி வளையமாக ஓடினால் நிறுத்திவிடுங்கள். ஆர்மேச்சரைச் சோதிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பொறி என்றால் அந்தப் பக்கத்து ஹோல்டரையும் ஸ்பிரிங்கையும் மறுபடி பாருங்கள். முதல் அரை நாள் வேலைக்குப் பிறகு ஒரு முறை கழற்றிப் பாருங்கள்: நுனியின் முழு அகலமும் மினுக்கினால் முடிந்தது.

புதுக் கார்பன் மறுபடி சீக்கிரம் தேய்ந்தால்

கார்பனையும் கடைக்காரரையும் குறை சொல்வதற்கு முன் எக்ஸ்டென்ஷன் வயரைப் பாருங்கள். 1200 வாட் மிஷின் 230 வோல்ட்டில் 5 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் இழுக்கும். 50 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால், போக வர 100 மீட்டருக்கு, வழியிலேயே 9 வோல்ட்டுக்கு மேல் விழும், 2.5 சதுர மி.மீ. போட்டால் 4 வோல்ட்டுக்குள் அடங்கும். போர்டிலேயே சாயங்காலம் 200 வோல்ட்தான் வருகிறது என்றால் இந்த 9 வோல்ட் பெரிய அடி. வோல்டேஜ் குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் உள்ளே இருக்கும் ஃபேன் காற்றும் குறையும். பாலிஷ் வரவில்லையே என்று நாம் இன்னும் அழுத்துவோம், கரண்ட் கூடும், எல்லாம் சேர்ந்து சூடாகும். வயர் டிரம்மில் சுற்றியபடியே ஓட்டுவதும் கூடாது, முழுவதையும் பிரித்து விடுங்கள்.

அழுத்தம் இன்னொரு காரணம். பாலிஷ் பேடு மிஷினின் எடையிலேயே வேலை செய்ய வேண்டும். 50 நம்பர் பேடில் எடுக்க வேண்டிய கோட்டை 400 நம்பர் பேடில் அழுத்தி எடுக்கப் பார்த்தால் பேடும் போகும், கார்பனும் போகும்.

தண்ணீர் வரும் திசையையும் பாருங்கள். மிஷினைத் தூக்கிப் பிடித்து விளிம்பு பாலிஷ் போடும்போது தண்ணீர் கையோடு வழிந்து பின்பக்கத் துவாரத்துக்குள் இறங்கும். வயரை மேலே தொங்கவிட்டு, மிஷினுக்கு முன் ஒரு தொங்கல் விடுங்கள். தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். வேலை முடிந்ததும் லோடு இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டிய பிறகு நிறுத்துங்கள், உள்ளே இருக்கும் ஈரக்காற்று வெளியேறும். பிறகு மிஷினை ஈரத் தரையில் வைக்காமல் துவாரங்கள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள்.

மிஷினின் பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு (டபுள் இன்சுலேஷன்). இரண்டு வயர்தான் இருக்கும், எர்த் இருக்காது. எர்த் இல்லையே என்று மூன்றாவது வயரை நீங்களாக இழுத்து உடம்பில் கட்டாதீர்கள். ஆனால் போர்டில், கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் இருக்க வேண்டும், மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். மிஷினைப் போட்டதும் அது விழுகிறது என்றால் அதைக் கழற்றிவிட்டு நேரடியாக வயர் கொடுத்து ஓட்டும் ‘அனுபவசாலி’ எல்லாப் பட்டறையிலும் ஒருவர் இருப்பார். அது விழுந்தால் மிஷினுக்குள் கரண்ட் கசிகிறது. மிஷினைக் காய வைத்து, இன்சுலேஷனை அளக்கும் மெக்கரில் சோதித்த பிறகே மறுபடி சொருகுங்கள்.

கடைசியாக, கார்பனின் அளவைப் பெயிண்ட் மார்க்கரால் மிஷினின் அடியிலும், மாற்றிய தேதியைப் பிளக் பக்கத்து வயரில் ஒரு டேப் சுற்றி அதன் மேலும் எழுதி வையுங்கள். தேதிக்கும் தேதிக்கும் நடுவில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் அந்த மிஷினின் பின் பேரிங்கைத் திறந்து பாருங்கள்.